பொட்டல்மடை 6.10: காற்றை ஏற்றிச் சென்ற பேருந்து

ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊர்க்காரர்கள் அம்பை என்று சொல்லும் அம்பாசமுத்திரத்திலிருந்து பொட்டல்மடைக்குப் போய்வந்து இதே வலைப்பதிவில் ஒரு கட்டுரை எழுதினேன். ஊர் மலையடிவாரத்தில் இருக்கிறது. கால்வாய், வயல், தரைப்பாலம், அதற்கு மேல் மேகம். கட்டுரையில் போக்குவரத்தைப் பற்றி ஒரு வரி வந்தது: “இந்தத் தடத்தில் அரசு நகரப் பேருந்து காற்றை ஏற்றிச் சென்று காற்றை இறக்கிவிட்டு வருகிறது, மினிபஸ்ஸில் ஏறுங்கள்.” எழுதிய அன்று எனக்கு அந்த வரி மிகவும் பிடித்திருந்தது.

கார்த்திகை பிறந்ததும் அதன் கீழே ஒரு பின்னூட்டம் வந்தது. எழுதியவர் முத்துப்பேச்சி, பொட்டல்மடைக்காரர். அப்படியே தருகிறேன்: “அண்ணாச்சி, நீங்க வந்தது ஞாயித்துக்கிழம. ஞாயித்துக்கிழம யாரு வேலைக்குப் போவா? அதும் போற பஸ்ல ஏறிருக்கீங்க. வார பஸ்ல ஏறிப் பாருங்க. ஆளே இல்லன்னு அந்த பஸ்ஸ நிப்பாட்டப் போறாங்க. செவ்வாக்கிழம வாங்க.”

தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். விஷயம் எளிமையானது. அம்பாசமுத்திரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் அவருக்குத் துப்புரவு வேலை. காலை ஏழு மணிக்கு உள்ளே இருக்க வேண்டும், மாலை ஆறரைக்கு விடுவார்கள். காலையில் பொட்டல்மடையிலிருந்து கிளம்பும் 6.10 பேருந்தும் மாலையில் அம்பாசமுத்திரத்திலிருந்து கிளம்பும் 6.45 பேருந்தும் ஒரே வண்டி, ஒரே கணக்கு. ஒன்றை நிறுத்தினால் மற்றதும் நிற்கும். காலையில் போக மினிபஸ் உண்டு. மாலையில் அதன் கடைசி நடை ஐந்து மணிக்கே முடிந்துவிடும். “காலையில போயிருவேன் அண்ணாச்சி. சாயந்தரம் எப்படி வீட்டுக்கு வர? வேலைய விட வேண்டியதுதான்” என்றார். இந்த வாரம் திங்கள் முதல் சனி வரை பணிமனையில் கணக்கு எடுக்கிறார்கள், அடுத்த திங்கட்கிழமை முடிவு என்று நடத்துநர் சொல்லியிருக்கிறாராம்.

என் வரிக்கும் அந்த முடிவுக்கும் சம்பந்தம் இருக்காது என்று நினைத்தேன். இந்த வலைப்பதிவை எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் கிளம்பினேன்.

திங்கட்கிழமை மதியம் திருநெல்வேலி புதிய பேருந்து நிலையத்தில் பாபநாசம் வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் போனேன். அரசுப் பேருந்து 2.00, தனியார் பேருந்து 2.05. அம்பாசமுத்திரத்துக்கு இரண்டிலும் முப்பது ரூபாய். நான் தனியாரில் ஏறினேன். ஏறும்போது “வாங்க அண்ணாச்சி” என்றார்கள், இறங்கும்போது “சட்டுனு, சட்டுனு” என்றார்கள். அரசுப் பேருந்தில் இந்த இரண்டுமே கிடையாது. சேரன்மகாதேவிக்கு முன்பே அரசுப் பேருந்தை முந்திவிட்டோம். அதன் பிறகும் முன்னாலேயே போனதற்குக் காரணம் வேகம் மட்டும் அல்ல. நடுவில் கை காட்டிய ஒரு பெரியவருக்கும், இரண்டு சாக்கு வைத்திருந்த ஒரு அம்மாவுக்கும் எங்கள் வண்டி நிற்கவில்லை, பின்னால் வந்த வண்டி நின்றது. அம்பாசமுத்திரம் வந்து சேர்ந்தது 3.10. அரசுப் பேருந்து 3.25. பதினைந்து நிமிடத்துக்கு என்ன விலை என்பதை அந்தப் பெரியவரைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள விடுதியில் அறுநூறு ரூபாய்க்கு அறை கிடைத்தது. சுடுதண்ணீர் காலை ஏழு மணிக்கு மேல் என்றார்கள். எனக்கு ஐந்தரைக்கு முன்பே வேலை இருந்தது.

செவ்வாய் காலை 5.25. அம்பாசமுத்திரத்திலிருந்து மேலே போகும் வண்டியில் ஓட்டுநர், நடத்துநர், நான், இரண்டு காலி பால் கேன். கட்டணம் பத்து ரூபாய், பதினான்கு கிலோமீட்டர், முப்பத்தைந்து நிமிடம். ஞாயிற்றுக்கிழமை நான் பார்த்த காற்று இன்றும் அதே இருக்கைகளில் வசதியாக உட்கார்ந்திருந்தது. என் வரி சரிதான் என்று ஒரு நிமிடம் நிம்மதியாகவும் இருந்தது.

6.10க்குப் பொட்டல்மடையில் வண்டி திரும்பியது. அதற்குப் பத்து நிமிடம் முன்பு மினிபஸ் பாட்டோடு கிளம்பிப் போயிருந்தது. அரசுப் பேருந்தில் ஊர் முனையிலேயே இருபது பெண்கள் ஏறினார்கள். அடுத்த இரண்டு நிறுத்தங்களில் மீதிப் பேர். பூக்கூடை, கீரைக்கட்டு, தூக்குவாளி, நடவுக்குப் போகிறவர்களின் மாற்றுச்சேலைப் பை. தரைப்பாலத்தைத் தாண்டும்போது எண்ணினேன். பெண்கள் 41, என்னையும் சேர்த்து ஆண்கள் 6. படிக்கட்டில் காற்றுக்குக்கூட இடம் இல்லை.

முத்துப்பேச்சி என்னைக் கண்டுபிடித்துவிட்டார். முப்பத்தைந்து வயதிருக்கும். மருத்துவமனையின் நீலச் சேலை, தோளில் பை.

“பாத்தீங்களா அண்ணாச்சி? இதுதான் ஒங்க காத்து.”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தக் கட்டுரையைப் பேருந்து முழுக்கப் படித்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. வாசகர்களை நேரில் சந்திக்க ஆசைப்படும் எழுத்தாளர்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

அம்பாசமுத்திரத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு நடத்துநரிடம் போனேன். அவரைச் சுடலைமணி என்று வைத்துக்கொள்வோம். இந்தத் தடத்தில் முறை வைத்து மூன்று பேர் வருகிறார்கள், மூன்று பேரும் ஒரே மாதிரிதான், அதனால் யார் என்று தேட வேண்டாம். பயணச்சீட்டு இயந்திரத்தில் இந்த நடையின் கணக்கைக் காட்டச் சொன்னேன். தயங்கிவிட்டுக் காட்டினார். பயணிகள்: 9.

ஆறு ஆண்கள், மூன்று பெண்கள். அந்த மூவரும் சடங்கு வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பிய வெளியூர்க்காரர்கள். ஊர் வழக்கம் தெரியாமல் சீட்டுக் கேட்டு வாங்கிவிட்டார்கள்.

ஊர் வழக்கம் இதுதான். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் சீட்டு உண்டு. அதில் பூஜ்ஜியம் என்று அச்சாகும். அந்தப் பூஜ்ஜியத்தை எண்ணித்தான் பேருந்தில் ஆள் இருக்கிறதா இல்லையா என்று மேலே முடிவு செய்கிறார்கள். பொட்டல்மடைப் பெண்கள் அந்தச் சீட்டை வாங்குவதில்லை. நடத்துநரும் கொடுப்பதில்லை.

“எதுக்கு வாங்கல?” என்று அன்று மாலை 6.45 வண்டியில் கேட்டேன்.

பதில் சொன்னது செல்லத்தாய் என்கிற கீரை வியாபாரி. “அந்த மனுசன் கூட்டத்துல நசுங்கி, ஒத்தக் கால்ல நின்னு, காசில்லாத சீட்டு ஒண்ணு கிழிச்சு எங்கிட்ட தரணுமா? பாவம்லா. வேண்டாம், வச்சுக்கிடுங்கன்னு சொல்லிருவோம்.”

சுடலைமணி பின்படியிலிருந்து சொன்னார்: “நாள் பூரா கால்கடுக்க வேல பாத்துட்டு வாராங்க. அவுக முன்னால போய்ச் ‘சீட்டு, சீட்டு’ன்னு நிக்க எனக்கும் மனசு வரல அண்ணாச்சி.”

இரண்டு தரப்பும் ஒருவருக்கு ஒருவர் மரியாதை காட்டி, நாற்பது பேரைக் கணக்கிலிருந்து காணாமல் போகச் செய்திருக்கிறார்கள். அரசுப் பேருந்துகளில் மரியாதை இல்லை என்று இனி யாரும் எழுதக் கூடாது. நான் உட்பட.

“அப்ப இத பணிமனையில சொல்ல வேண்டியதுதான?” என்றேன்.

சுடலைமணி குரலைத் தாழ்த்தினார். “எப்படிச் சொல்ல? ‘இத்தன நாளா சீட்டுக் கொடுக்காம ஆள் ஏத்துனேன்’னு நானே எழுதிக் கொடுக்கவா? எனக்கு மொதல்ல மெமோ வரும். பஸ்ஸு அதுக்குப் பொறவு நிக்கும்.”

முத்துப்பேச்சி கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு சத்தமாகச் சொன்னார்: “ஏட்டி, நாளையிலருந்து எல்லாரும் சீட்டு வாங்கணும். ஒருத்தி விடப்படாது. பாவம் பாத்தது போதும். சனிக்கிழமைக்கு நாலு நாளு கெடக்கு.”

இந்த இடத்தில் மினிபஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் ஒருதலைப்பட்சமாகிவிடும்.

செவ்வாய்க்கிழமை பகல் முழுவதும் எனக்கு நேரம் இருந்தது. பாபநாசம் போய்ப் படித்துறையில் குளித்தேன். அங்கே பாவம் போகும் என்பார்கள். ஆவணி மாத வரி போனதாகத் தெரியவில்லை. திரும்பி வந்து 11.40 மினிபஸ்ஸில் பொட்டல்மடைக்கு ஒரு நடை போய்வந்தேன். கட்டணம் இருபது ரூபாய், இருபத்தெட்டு நிமிடம். இருக்கை மெத்தென்று இருந்தது, பாட்டும் தெளிவாகக் கேட்டது, சொன்ன நேரத்துக்குக் கிளம்பியது. ஓட்டுநரே உரிமையாளர், இசக்கிமுத்து. அவருடைய இருக்கைக்குப் பின்னால் கண்ணாடித்தாள் ஒட்டிய அட்டை ஒன்று தொங்கியது. என் வரிதான். பெயரோடு.

“நீங்கதானா அது! ஒக்காருங்க அண்ணாச்சி, ஒங்களுக்கு டிக்கெட் வேண்டாம்” என்றார். இருபது ரூபாயை வற்புறுத்திக் கொடுத்தேன். இந்தப் பயணத்தில் நான் நேர்மையாக நடந்துகொண்ட சில இடங்களில் அதுவும் ஒன்று.

மாலையில் ஏன் ஓட்டுவதில்லை என்று கேட்டேன். மறைக்காமல் சொன்னார்: “எனக்கு டீசலுக்கு யாரு தாரா? அஞ்சு மணிக்கு மேல போகும்போது ஆளு இருக்கும், திரும்பும்போது நான் மட்டும் வரணும். கவர்மெண்டு காத்த ஏத்திட்டு வரலாம். நான் வந்தா வீட்ல ஒல கொதிக்காது.” மழையில் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஏறினாலும் வரமாட்டாராம். அதிலும் எனக்குக் குறை தெரியவில்லை. ஆள் இருக்கும் நேரத்துக்கு ஓடுவது வியாபாரம், இல்லாத நேரத்துக்கும் ஓடுவது வேறு ஏதோ. அதற்கு நட்டம் என்று ஒரு பெயர் வைத்திருக்கிறோம்.

இன்னொன்றும் சொன்னார். அவருடைய அம்மா அவர் வண்டியில் ஏறுவதில்லை. “மகன் வண்டியில ஓசியில போறான்னு நாலு பேரு பேசுவாங்களாம். அந்த பஸ்லதான் போவா.” அந்த அம்மாதான், சற்று முன் நீங்கள் சந்தித்த கீரை வியாபாரி செல்லத்தாய்.

புதன்கிழமை காலை 6.10. வண்டி கிளம்பும் முன்பே கைகள் நீண்டுவிட்டன. “எனக்கு ஒண்ணு.” “ஊர்முக்கு ஒண்ணு, அம்பை.” “ஏ, எனக்கு நேத்துக்கும் சேத்துத் தாங்க.” சுடலைமணி வியர்த்துக்கொண்டே இயந்திரத்தை அழுத்தினார். தரைப்பாலத்துக்கு வரும்போது இருபத்தேழாவது சீட்டு பாதி அச்சாகி நின்றது. தாள் சுருள் தீர்ந்துவிட்டது.

பையைத் துழாவினார். மாற்றுச் சுருள் இல்லை. இந்தத் தடத்துக்கு ஒரு சுருள் வாரக்கணக்கில் வரும், எதற்கு இரண்டு என்று விட்டிருக்கிறார். கையால் கிழிக்கும் சீட்டுக்கட்டு இருந்தது. அதில் ஐந்து ரூபாய், பத்து ரூபாய் இருந்தன. பூஜ்ஜியம் இல்லை.

“இன்னைக்கு இவ்வளவுதான் தாயி. மீதி நாளைக்கு” என்றார்.

முத்துப்பேச்சி ஓட்டுநரைப் பார்த்துச் சொன்னார்: “அண்ணே, வண்டிய ஓரமா நிப்பாட்டுங்க.”

ஓட்டுநர் நிறுத்திவிட்டார். மணி 6.25.

முன்னிருக்கையில் இருந்த ஒருவர் பொரிந்தார்: “காசு கொடுத்த நாங்க உள்ள கெடக்கோம். சும்மா வார சீட்டுக்கு வண்டிய நிப்பாட்டுதீங்களே!”

“சும்மா வார சீட்டு இல்லன்னா, அடுத்த வாரம் நீங்க காசு கொடுக்க பஸ்ஸு இருக்காது மாமா. பேசாம இரிங்க” என்றார் முத்துப்பேச்சி.

அவருக்கு அந்தக் காத்திருப்பு எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். இந்த மாதம் ஏற்கெனவே இரண்டு நாள் தாமதம். ஒருநாள் டயர் பஞ்சர், ஒருநாள் மாடு. இரண்டு நாளும் மேற்பார்வையாளர் நம்பவில்லை. “பஸ்ல வந்தன்னா டிக்கெட்டக் காட்டு” என்றாராம், காட்ட ஒன்றும் இல்லை. மூன்றாவது நாள் பிந்தினால் ஆளை மாற்றிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். நான் பக்கத்தில் போய், நீங்கள் மட்டும் இறங்கி ஏதாவது பைக்கில் போய்விடுங்கள் என்றேன்.

“நான் எறங்குனா ஒவ்வொருத்தியா எறங்குவா அண்ணாச்சி. சூப்பர்வைசர்கிட்டயாவது பேசிப் பாக்கலாம். நின்னுபோன பஸ்ஸுகிட்டப் பேச முடியுமா?”

சுடலைமணி தலையில் கை வைத்திருந்தார். அப்போது செல்லத்தாய் இடுப்பிலிருந்து கைபேசியை எடுத்தார்.

“ஏலே இசக்கி, எங்கன இருக்க? அம்பையிலயா? ஒன் மிசின்ல சீட்டு வரும்லா, அந்தப் பேப்பர் சுருளு ஒண்ணு எடுத்துக்கிட்டுப் பாலத்துக்கு வா. எதுக்கா? வந்து பேசு.”

மினிபஸ்ஸின் அடுத்த நடை அம்பாசமுத்திரத்தில் 6.35. தரைப்பாலத்தில் எதிர்த்திசையில் அது வந்து நின்றபோது மணி 6.50. இசக்கிமுத்து இறங்கி வந்து, கூட்டத்தைப் பார்த்தார், சுடலைமணியின் கையிலிருந்த இயந்திரத்தைப் பார்த்தார், புரிந்துகொண்டார்.

“எம்மா, இவங்க பஸ்ஸு நிக்கதுக்கு நான் சாமி கும்பிட்டுட்டு இருக்கேன். நீ என்னையே பேப்பர் கொண்டுவரச் சொல்லுத. இதுக்குக் காசு யாரு தருவா?”

“ஒன்னயப் பத்து மாசம் சொமந்தேனே, அதுக்கு நீ என்ன டிக்கெட் எடுத்தல? கொடு இங்கன.”

இரண்டு வண்டியும் சேர்ந்து சிரித்தது. இசக்கிமுத்து சுருளைக் கொடுத்தார். இரண்டு இயந்திரத்துக்கும் ஒரே அகலம். அரசும் தனியாரும் இணைந்து செயல்படுவது பற்றி நிறையப் பேசுகிறார்கள், நான் கண்ணால் பார்த்தது இது ஒன்றுதான். இசக்கிமுத்து தன் வண்டியில் ஏறும்போது, “எப்படியும் நீ சாயந்தரம் வரணும்லா” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மீதிச் சீட்டுகள் அச்சாகின. முத்துப்பேச்சியுடையது கடைசி. வண்டி அம்பாசமுத்திரம் வந்தது 7.15. அவர் ஓடினார். நான் பின்னால் போகவில்லை. தேநீர்க் கடையில் ஒன்றுக்கு மூன்று தேநீர் குடித்தேன். எட்டு மணிக்கு அழைத்தார்.

“சூப்பர்வைசர் ‘என்ன சாக்கு இன்னைக்கு?’ன்னாரு. சீட்ட எடுத்து நீட்டுனேன். ஊரு பேரும், நேரம் 6.53ன்னும் அதுலயே அடிச்சிருக்கு. திருப்பித் திருப்பிப் பாத்தாரு. ‘சரி, போ’ன்னுட்டாரு.”

அவ்வளவு நாளும் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்த தாள் அது.

வியாழன், வெள்ளி, சனி நான் ஊரில் இல்லை. சுடலைமணியும் மற்ற இரு நடத்துநர்களும் மூன்று சுருள் வைத்துக்கொண்டு வந்தார்கள் என்று கேள்வி. புதன் தாமதத்துக்கு அவரிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். “பயணிகள் எண்ணிக்கை கூடியதால்” என்று எழுதிக் கொடுத்தாராம்.

இனி, போக விரும்புகிறவர்களுக்கு. நேரம் குறைவு, பகலில் போய்ப் பகலிலேயே திரும்ப வேண்டும் என்றால் மினிபஸ்தான் நல்லது, இதை இப்போதும் சொல்கிறேன். மழை பெய்தாலோ, மாலை தங்கிவிட்டுத் திரும்ப நினைத்தாலோ அரசு நகரப் பேருந்தை நம்புங்கள். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் நகரப் பேருந்தில்தான், திருநெல்வேலி–பாபநாசம் வண்டிகளில் கிடையாது. சீட்டை மட்டும் கேட்டு வாங்கிவிடுங்கள். நடத்துநருக்காகப் பரிதாபப்பட்டால் அவருக்கு அது உதவாது. ஆவணி மாதக் கட்டுரையில் அந்த வரியை அடித்துவிட்டேன். மினிபஸ் அட்டையையும் எடுக்கச் சொன்னேன். “நல்லா எழுதிருக்கீங்க, இருக்கட்டும் அண்ணாச்சி” என்கிறார் இசக்கிமுத்து. ஒரு வாசகரைப் பகைத்துக்கொள்ளும் நிலையில் நான் இல்லை.

திங்கட்கிழமை காலை 6.20க்கு என் தொலைபேசி அடித்தது. முதலில் வண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு முத்துப்பேச்சி.

“பஸ்ஸு வந்துட்டு அண்ணாச்சி. நிப்பாட்டல. சீட்டும் வாங்கிட்டேன்.”

“நல்லது. அப்புறம் எதுக்குக் கோவமாப் பேசுதீங்க?”

“பஸ்ஸு நிக்காதுன்னு தெரிஞ்சதும் மினிபஸ்ல போனவளெல்லாம் இதுல வந்து ஏறிட்டாளுவ. ஒக்கார எடமில்ல. நின்னுக்கிட்டு வாரேன். இதையும் எழுதுங்க.”

எழுதிவிட்டேன். உட்கார்ந்து போக விரும்புகிறவர்கள் 5.25க்கு அம்பாசமுத்திரத்திலேயே ஏறிவிடுங்கள். மேலே போகும்போது இன்னமும் காற்றுதான்.